கலைச்சொல்: ‘கலர் காஸ்ட்’டுக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

படத்தில் இருக்கக் கூடாத ஒரு நிறம் ஏறித் தெரிவதை ஆங்கிலத்தில் ‘கலர் காஸ்ட்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் கையேட்டில் அதற்கு வைக்க, இந்தக் குழுவில் இதுவரை நிறச்சாயல், நிறக்கலப்பு, நிறப்படிவு, நிறவடிப்பு என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. எதை எடுப்பது என்று முடிவு செய்யும் முன், கல்யாணப் படம் எடுக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆங்கிலச் சொல் இரண்டு வெவ்வேறு கோளாறுகளுக்குப் பொதுப் பெயராக ஓடுகிறது. ஒன்றைக் கணினியில் ஒரே இழுப்பில் சரிசெய்துவிடலாம். மற்றதை அப்படிச் செய்ய முடியாது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், புதிதாகத் தொழிலுக்கு வருகிற பையன் இரண்டாவதை முதலாவது என்று நினைத்துத் தப்பான இடத்தில் மருந்து தேடுவான்.

எங்கே இது பெரிதாகத் தெரிகிறது என்றால், சின்ன ஓட்டல்களில். மண்டபத்துக்குப் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே சுவர் பெரும்பாலும் வெளிர்நிறம், கூரை வெள்ளை, ஃபிளாஷை மேலே திருப்பி அடித்தால் போதும். இப்போது நிறைய பேர் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியிருப்புப் பக்கம், பழைய வீட்டைப் புதுப்பித்து ஓட்டலாக்கிய இடங்களில் கல்யாணம் வைக்கிறார்கள். முகூர்த்தம் முற்றத்தில், வரவேற்பு மொட்டைமாடியில். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் சுவர் கடுகு மஞ்சள், தரை சிவப்பு ஆக்சைடு, கூரையில் தேக்கு விட்டமும் செங்கல்லும். வெளிச்சம் தொடுகிற இடமெல்லாம் நிறம்தான்.

முதல் கோளாறை எடுத்துக்கொள்வோம். மணப்பெண் அறையில் பழைய மாதிரி மஞ்சள் பல்பு எரிகிறது, ஏறத்தாழ 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள் பக்கம், கூடினால் நீலம் பக்கம்). ஜன்னல் வழியாக வருவது நிழல்பக்கத்து வானொளி, 7000-க்கு மேல். நம் ஃபிளாஷ் 5500 பக்கம். பல்பு மட்டும் எரிந்தால் படம் முழுக்கச் சமமாக மஞ்சள் பக்கம் போகும். ஜன்னல் ஒளி மட்டும் என்றால் முழுக்க நீலம் பக்கம். படம் முழுவதும் ஒரே அளவில் ஒரே பக்கம் போவதால், அதே அளவு எதிர்ப்பக்கம் இழுத்தால் சரியாகிவிடும். எந்த நிறப் பக்கமும் சாயாத சாம்பல் அட்டை ஒன்றை, கணினிக்கு அளவுகோலாக, முகத்தருகே பிடித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் அந்த வேலையும் மிச்சம்.

இதற்கு என் பரிந்துரை நிறச்சாய்வு. ‘ஒயிட் பேலன்ஸ்’, அதாவது எந்த ஒளியிலும் வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது; அதற்கு ‘வெண்சமநிலை’ என்ற சொல்லை நாம் ஏற்கெனவே புழங்குகிறோம். சமநிலை கெட்டால் தராசு சாயத்தானே செய்யும்? “வெண்சமநிலை சரியில்லை, படம் நீலத்துக்குச் சாய்ந்திருக்கிறது” என்று யாரும் விளக்கம் இல்லாமலே பேசலாம். சாய்வை நிமிர்த்து என்று வினையும் கிடைக்கிறது.

> நிறச்சாயல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே, அதை ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, ‘அப்பா சாயல்’ என்று சொல்லும்போது அது அந்தப் பிள்ளைக்கே உரியது. நீலச் சாயல் கொண்ட பச்சை என்றாலும் அப்படித்தான், அது அந்தப் பச்சையின் சொந்தக் குணம். நாம் பேசுவது வெளியிலிருந்து வந்து ஒட்டியதைப் பற்றி. கல்யாணத்தில் இந்த வேறுபாடு முக்கியம். பெண்ணின் முகத்தில் பூசிய மஞ்சள், தாலிக் கயிற்றின் மஞ்சள் எல்லாம் உண்மையான மஞ்சள். தானியங்கி வெண்சமநிலையை நம்பி விட்டால், கேமரா பெரிய மஞ்சள் சுவரைப் பார்த்து மொத்தப் படத்தையும் நீலத்துக்குத் தள்ளும். அப்போது தாலிக் கயிறு வெளிறி, மஞ்சள் பூசிய கன்னம் சாம்பல் தட்டிப் போகும். சாயலைக் காப்பாற்றிச் சாய்வை மட்டும் நீக்குவதுதான் எங்கள் வேலை. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தால்தான் அந்த வேலையைச் சொல்லிக் கொடுக்கவே முடியும்.

இனி இரண்டாவது கோளாறு. எனக்கு அக்கறை அதிகம் இதில்தான்.

மாப்பிள்ளையை மஞ்சள் சுவருக்கு இரண்டடி தள்ளி நிறுத்துகிறோம். வெயில் சுவரில் பட்டுத் திரும்பி, அவர் இடது கன்னத்திலும் பட்டுச் சட்டையின் இடது தோளிலும் மஞ்சளாக விழுகிறது. வலது கன்னம் திறந்த முற்றத்தைப் பார்க்கிறது, அங்கே வானத்தின் லேசான நீலம். தாடைக்குக் கீழே தரையின் சிவப்பு. ஒரே முகத்தில் மூன்று நிறம். வெள்ளை வேட்டியைப் பாருங்கள், இன்னும் தெளிவாகத் தெரியும்: மேலே வெள்ளை, கரண்டைக்கால் பக்கம் வரவர ரோஜா நிறம். இதில் எந்தப் பக்கத்துக்கு வெண்சமநிலை வைப்பது? மஞ்சளை நீக்கினால் வலது கன்னம் மேலும் நீலமாகும். முகத்தைப் பகுதி பகுதியாக மறைத்துத் திருத்தலாம், ஆனால் ஆல்பத்துக்குப் போகும் நூற்றுக்கணக்கான படங்களுக்கு அதைச் செய்துகொண்டிருக்க முடியாது. படம் எடுக்கும் இடத்திலேயே தீர்க்க வேண்டிய விஷயம் இது. ஆளைச் சுவரை விட்டுத் தள்ளி நிறுத்த வேண்டும், அல்லது சட்டகத்துக்கு வெளியே தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரிக்க வேண்டும். ஓட்டல்காரரிடம் கேட்டால் வெள்ளைப் படுக்கைவிரிப்பே கொடுப்பார்கள்.

இதற்கு நிறத்தெறிப்பு என்று வைக்கலாம் என்கிறேன். தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒளி ‘எதிரொளிப்பு’ என்று படித்தோம். இலங்கைப் பாடநூல்களில் அது ‘தெறிப்பு’. அங்கே பௌதிகம் படித்த யாருக்கும் ‘ஒளித்தெறிப்பு’ அன்றாடச் சொல். நல்ல சொல், குட்டையான சொல், வினையாகவும் நிற்கும்: “சுவர் தெறிக்கிறது, இரண்டடி முன்னால் வாங்க.” எதிரொளிப்பை வைத்து இப்படி ஒரு கட்டளை சொல்லிப் பாருங்கள், வாயில் வராது. இன்னொரு வசதியும் உண்டு. ஃபிளாஷைக் கூரையில் அடித்துத் திருப்புவதை ‘பவுன்ஸ்’ என்கிறோமே, அது தெறிப்பொளி ஆகிவிடும். செங்கல் கூரையில் தெறிப்பொளி போட்டால் நிறத்தெறிப்பு வரும் என்னும்போது, காரணமும் விளைவும் ஒரே வேரில் நிற்கின்றன.

> தெறிப்பு என்றாலே இங்கே சாயம் தெறிப்பது, தண்ணீர் தெறிப்பதுதான் நினைவுக்கு வரும். கறுப்பு வெள்ளைப் படத்தில் புடவை மட்டும் சிவப்பாக விடுவார்களே, அதோடு குழம்பாதா?

நியாயமான கேள்வி, அக்கா. முதலாவது எனக்குத் தடையாகப் படவில்லை. சுவரின் நிறம் சட்டையில் தெறித்துவிட்டது என்று தண்ணீர் தெறிக்கிற பொருளிலேயே எடுத்துக்கொண்டாலும் அர்த்தம் சரியாகவே இருக்கிறது. இரண்டாவதற்கு ‘தனிநிறம்’ என்று வேறு சொல் கொடுத்துவிடலாம். அதைத் தொழிலில் ‘செலக்டிவ் கலர்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘கலர் ஸ்பிளாஷ்’ என்றும் சொல்வதுண்டு, குழப்பம் வருவது அதனால்தான்; தமிழில் தனிநிறம் என்று வைத்துவிட்டால் அது தீர்ந்துவிடும்.

நிறவடிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். “மஞ்சள் அடிக்குது சார்” என்பதுதான் ஸ்டூடியோவில் உண்மையான பேச்சு. அதிலிருந்து பிறந்த சொல் என்பதால் எனக்கு அதன் மேல் பிரியம் உண்டு. ஆனால் பல்பு மஞ்சளானாலும் அடிக்கிறது, சுவர் மஞ்சளானாலும் அடிக்கிறது. நாம் பிரிக்க நினைப்பதை அது பிரித்துக் காட்டாது. இரண்டுக்கும் பொதுவான பேச்சுச் சொல்லாக அது அப்படியே இருக்கட்டும், கையேட்டில் இரண்டு தனிச் சொற்கள் வரட்டும். நிறக்கலப்பு வேண்டாம், அது வண்ணம் குழைக்கிற ஓவியர்களுடையது. நிறப்படிவு என்றால் கழுவினால்தான் போகும் என்று தோன்றுகிறது.

சாய்வு என்பது புள்ளியியலில் வேறு பொருளில் இருக்கிறது என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். முன்னால் ‘நிற’ என்று ஒட்டு இருக்கும்போது குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் இங்கேயே எழுதுங்கள், எல்லோரும் பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று பாக்கி. மஞ்சள் பல்பு எரியும் அறையில் ஃபிளாஷ் அடிக்கும்போது, அதன் முகத்தில் ஆரஞ்சு நிற ஜெல் பேப்பர் (ஒளி ஊடுருவும் மெல்லிய நிறத் தகடு) ஒட்டி இரண்டு ஒளியையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவருகிறோம். நாடக மேடையில் ‘ஜெலட்டின் பேப்பர்’ என்பதும் இதே வகைதான். நிறத்தாள் என்று எழுதலாமா, அல்லது மேடை விளக்குக்காரர்களிடம் இதற்கென்று ஏற்கெனவே ஒரு தமிழ்ச்சொல் புழக்கத்தில் இருக்கிறதா? கூத்து, நாடகத் தொடர்புள்ளவர்கள் கேட்டுச் சொன்னால் அதையும் இந்தப் பட்டியலிலேயே சேர்த்துவிடலாம்.

அன்புடன்.