கோ கேஎல் பஸ்ஸுக்கு நாமும் 1 வெள்ளி கட்டினால் காத்திருப்பு குறையுமா?

தடம்பார்ப்பவன்:
கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் கோ கேஎல் பஸ்ஸில் வெளிநாட்டவர் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டுகிறார்கள், மலேசியர்களான நமக்கு இலவசம். 2012இல் தொடங்கியபோது இலவசம் என்பது சரி. மக்களைக் காரிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. இன்றைய குறை காத்திருப்புதான். எல்லாரிடமும் 1 வெள்ளி வாங்கி, அதைத் தனியாக ஒதுக்கிப் பஸ் வாங்கட்டும். சுற்று முடிக்க 60 நிமிடம் என்றால் 6 பஸ்ஸுக்கு 10 நிமிட இடைவெளி, 8 பஸ் ஓடினால் ஏழரை.

செந்தூல் செல்வி:
அண்ணே, சாலை காலியாக இருந்தால்தான் அந்த 60. மழை பெய்த மாலையில் அதே சுற்று 80 நிமிடம் ஆனால், 10 நிமிட இடைவெளியைக் காப்பாற்றவே 8 பஸ் வேண்டும். புதிதாக வாங்கிய இரண்டும் நெரிசலிலேயே கரைந்துபோகும். பஸ் தடத்திலும் நிறுத்தத்திலும் நிற்கும் கார்களை இழுத்துச் சென்று அந்த 20 நிமிடத்தை மீட்டால், பஸ் வாங்காமலே அதே பலன் கிடைக்கும். இழுக்கும் அதிகாரமும் மாநகர் மன்றத்திடமே இருக்கிறது.

இன்னொன்று, கட்டணம் வைத்தால் எல்லாரும் முன்கதவில் கார்டு தட்ட வேண்டும். ஒருவருக்கு 3 நொடி என்றாலும் 30 பேருக்கு ஒன்றரை நிமிடம். ஏற்கெனவே பிந்திய பஸ்ஸுக்குத்தான் கூட்டம் அதிகம். அது இன்னும் பிந்தும், பின்னால் வரும் காலி பஸ் அதை ஒட்டிக்கொள்ளும். அரைமணி நேரம் ஒன்றுமே இல்லாமல், பிறகு இரண்டு பஸ் சேர்ந்தாற்போல் வருவது இப்படித்தான்.

தடம்பார்ப்பவன்:
பின்கதவிலும் கருவி பொருத்தினால் அந்த நேரம் பாதியாகும். ஒட்டி ஓடுவதற்கு மருந்து வேறு: முனையத்தில் முந்திய பஸ் புறப்பட்டு 10 நிமிடம் ஆகும்வரை அடுத்ததைப் பிடித்து வைக்க வேண்டும். அட்டவணை நேரத்தைப் பார்த்து அனுப்பினால் பயனில்லை.

பிரிக்பீல்ட்ஸ் பயணி:
பஸ்ஸுக்குக் காசு தேடும் முன் இருக்கிற பஸ்ஸை இடம் மாற்றுங்கள். கோ கேஎல்லின் ஊதாத் தடம் பாசார் செனியிலிருந்து புக்கிட் பிந்தாங் போகிறது. 2017 ஜூலையிலிருந்து அதே இரு முனைக்கும் காஜாங் எம்ஆர்டி ரயில் ஓடுகிறது, நடுவில் மெர்டேக்கா ஒரே நிலையம். ஊதாத் தடத்திலிருந்து சில பஸ்களை எடுத்துச் சிவப்புத் தடத்தில் விடலாமே.

செந்தூல் செல்வி:
இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் இறங்குகிற முதியவருக்கு எம்ஆர்டி உதவாது. புக்கிட் பிந்தாங் நிலையம் தரைக்கடியில். மூட்டையோடு ஏறி இறங்கும் நேரத்தில் பஸ் வீட்டு வாசலருகே விட்டுவிடும்.

பிரிக்பீல்ட்ஸ் பயணி:
முழுவதும் நிறுத்தச் சொல்லவில்லை. உச்ச நேரத்தில் மட்டும்.

தடம்பார்ப்பவன்:
சரி, கட்டணத்துக்கு வருகிறேன். மை50 என்ற பயண அட்டைக்கு 30 நாளுக்கு 50 வெள்ளி கட்டுபவரிடம் மறுபடி வாங்கக் கூடாது, அவருக்கு இலவசமே இருக்கட்டும்.

செந்தூல் செல்வி:
மை50 பொதுப் போக்குவரத்து நடத்தும் பிரசாரானாவுடையது, பிரசாரானா நிதியமைச்சின் நிறுவனம். கோ கேஎல் மாநகர் மன்றத்துடையது. வருமானத்தை யார் எப்படிப் பிரிப்பது என்று இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்ட பிறகு 1 வெள்ளியைப் பேசுங்கள். கார் இழுக்க அந்தக் கையெழுத்து எதுவும் தேவையில்லை, நாளைக்கே தொடங்கலாம்.