திருக்குறுங்குடிக் கொடிமரம் ஏன் தள்ளி நிற்கிறது?

நாங்குநேரிப் பேத்தி:
எல்லாருக்கும் வணக்கம். ஆச்சி ஊர் நாங்குநேரி, நான் வளர்ந்தது சென்னையில். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது திருக்குறுங்குடிக்கும் போனோம். அங்கே பெருமாளுக்கு நம்பி என்று பெயர். நம்பி சந்நிதிக்கு நேராக இருக்கவேண்டிய கொடிமரம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது. "கட்டினவன் கணக்கு தப்பிட்டான்" என்கிறார் சித்தப்பா. கார்த்திகை ஏகாதசி நாடகத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று பூ விற்கிற அம்மா ஒருவர் ஆரம்பித்தார், அதற்குள் பஸ் வந்துவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஏழு வயதுப் பையனோடு நாடகத்துக்கு வரலாமா?

தேரடிக் கடைக்காரன்:
கணக்கெல்லாம் சரிதான் என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள் தங்கச்சி. அது நம்பாடுவானுக்காக விலகிய மரம்.

நம்பாடுவான் பாணர் குலம். கோயிலுக்குள் வரக்கூடாது என்று வைத்திருந்த காலம். ராத்திரியில் வந்து வெளியே நின்று பாடிவிட்டுப் போவார். ஒரு கார்த்திகை வளர்பிறை ஏகாதசியன்று வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொண்டான். பத்து நாள் பட்டினியாம். "விரதத்தை முடித்துவிட்டு வருகிறேன், அப்புறம் தின்னு" என்கிறார் இவர். சும்மா விடுவானா? பதினெட்டு சத்தியம் செய்துகொடுத்த பிறகுதான் விட்டான். அன்றைக்குத்தான் அவர் நம்பியைப் பார்ப்பதற்காகக் கொடிமரம் விலகியது என்பார்கள். பாடி முடித்துத் திரும்பும்போது நம்பியே கிழவனாக வந்து "வேறு வழியாகப் போயிரு" என்று சொல்லியும் கேட்கவில்லை, நேரே ராட்சசனிடம் போய் நின்றார்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம். ராட்சசன் "தின்னமாட்டேன், ராத்திரி பாடிய பாட்டின் பலனைக் கொடு" என்கிறான். இவர் தரமாட்டார். சரி பாதி கொடு, ஒரு யாமத்துப் பலனைக் கொடு என்று என் கடை வாசலில் நடக்கிற பேரம் மாதிரியே இறங்கி வருகிறான். கடைசியில் கைசிகப் பண்ணில் பாடிய ஒரே ஒரு பாட்டின் பலனுக்கு முடிகிறது. ராட்சசனுக்குச் சாப விமோசனம். முன்பிறவியில் வேள்வியில் தப்புச் செய்த பிராமணனாம் அவன். வராக புராணத்தில் வருகிற கதை இது.

மரம் விலகியதைப் பெருமையாகச் சொல்கிறோம். விலகின பிறகும் அவர் வெளியேதான் நின்றார் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. எனக்கு அது உறுத்தும்.

இந்தக் கதைதான் ஏகாதசி நாடகம். முன்பு தேவதாசி மரபுப் பெண்கள் ஆடியது. எங்கள் ஆச்சி சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். அரிசி புடைக்கும்போது அந்தப் பாட்டில் இரண்டு அடியை முனங்குவாள், மூன்றாவது அடி வராது, மறுபடி முதலில் இருந்து தொடங்குவாள். இடையில் ஆட்டம் தேய்ந்துபோனது. பேராசிரியர் சே. இராமானுஜமும் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் 1999இல் மறுபடி மேடையேற்றினார்கள். ஆச்சி அப்போது இல்லை. என் மகளைக் கூட்டிப்போனேன். மூன்றாம் வகுப்பு. ராட்சசன் வந்ததும் என் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பாட்டை முடித்துவிட்டு நம்பாடுவான் திரும்பி வந்தாரா, துண்டை விலக்கி, "இவன் ஏம்ப்பா திரும்ப வாரான்? ஓடிப் போயிருக்கலாம்லா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பையனைத் தாராளமாகக் கூட்டிவாருங்கள்.

களக்காட்டுக்காரன்:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. அதே கோயிலுக்குள் சிவன் சந்நிதியும் இருந்தது, அவரைப் "பக்கம் நின்றார்" என்பார்கள். பூசையின்போது "பக்கம் நின்றார்க்குக் குறை உண்டா?" என்று விசாரிப்பதும், "குறை ஏதும் இல்லை" என்று பதில் சொல்வதும் அங்கே வழக்கமாக இருந்தது. போர்வை எடுத்துவாருங்கள், நாடகம் நடக்கிற கைசிக மண்டபத்துக் கல்தரை ராத்திரியில் ஜில்லென்று இருக்கும். மலை நம்பி கோயிலுக்கு மறுநாள் போகலாம் என்று திட்டம் வைக்காதீர்கள். கார்த்திகை மழையில் நம்பியாற்றில் தண்ணீர் கூடினால் வனத்துறை விடாது.

நாங்குநேரிப் பேத்தி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. பையனிடம் கதையைச் சொன்னேன். "அப்போ ராட்சசன் பத்து நாள் பசிக்கு என்ன சாப்பிட்டான்?" என்கிறான்.

தேரடிக் கடைக்காரன்:
அதை நானும் இத்தனை வருசமாக யோசிக்கவில்லை பாருங்கள். ஏகாதசியன்று ராத்திரி எட்டு மணி வரை கடை திறந்திருக்கும். பையனைக் கூட்டிக்கொண்டு வாங்க, கடலைமிட்டாய் இருக்கு.