சாம்பாரை நம்பியிருந்த நான்கு மாதங்கள்

பட்டர்வொர்த் (மலேசியா), 47 வயது, ஸ்லீவ் முடிந்து 15 மாதங்கள்

இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை அகற்றிவிட்டு, எஞ்சியதை ஒரு வாழைப்பழத்தின் பருமனுக்குக் குழாயாக விட்டுவைக்கும், உடல் எடையைக் குறைப்பதற்கான ஸ்லீவ் அறுவைச் சிகிச்சைக்குப் போனபோது, என் அச்சமெல்லாம் கத்தியைப் பற்றியதாகவே இருந்தது. கத்தி பட்ட இடங்கள் விரைவிலேயே ஆறிவிட்டன. என்னைப் படுத்தியது நான்காம் மாதந்தான். தலை வாரினால் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. வேலை செய்யும் பள்ளியில் இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் தொடைகள் நடுங்கின. எடை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்ததால் வீட்டில் எல்லாரும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுபரிசோதனையின்போது உணவியல் நிபுணர், முதல் நாள் சாப்பிட்டதை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார். காலையில் பாதித் தோசையும் ஒரு கரண்டிச் சாம்பாரும், நண்பகலில் மூன்று கரண்டிச் சோறு, ரசம், கட்டைவிரல் அளவு மீன், மாலையில் பால் ஊற்றிய தேநீர், இரவில் ஓர் இட்லியும் அரைக்குவளைப் பாலும் என்று பெருமையோடுதான் சொன்னேன். எண்ணெய்ப் பலகாரம் ஒன்றுகூட இல்லையே! அவர் கணக்கிட்டதில் நாள் முழுவதற்குமான புரதம் 22 கிராமைத் தாண்டவில்லை. என்னைப் போன்றவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும், சிலருக்கு 80 வரைகூடத் தேவைப்படும் என்றார். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று வாதிட்டேன். இன்றிரவு ஒரு கரண்டிச் சாம்பாரை வடிகட்டிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். வடிகட்டினேன். வடிகட்டியில் தங்கிய பருப்பு இரண்டு தேக்கரண்டிகூடத் தேறவில்லை.

நம் சாப்பாட்டில் சோறுதான் சாப்பாடு; மீனும் முட்டையும் பருப்பும் தொட்டுக்கொள்வதற்கு. வயிறு பழைய அளவில் இருந்தவரை, இரண்டு தட்டுச் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டவை எல்லாம் சேர்ந்து கணக்கு எப்படியோ நிறைந்துவிட்டது. இப்போது ஒரு வேளைக்கு அரைக்குவளைதான் கொள்ளும் என்பதால், சோறு முதலில் இறங்கிவிட்டால் மீனுக்கு இடமில்லை. ஆகவே வரிசையை மாற்றினேன்: தொட்டுக்கொள்வது முதலில், அடுத்துக் காய், இடமிருந்தால் மட்டும் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதில்லை. முடித்து அரைமணி நேரம் கழித்தே ஒவ்வொரு மிடறாகக் குடிக்கிறேன்.

இன்றைய என் நாள் ஏறத்தாழ இப்படி நடக்கிறது. காலைப் பசியாறலுக்கு ஒரு முழு முட்டையும் இன்னொன்றின் வெள்ளைக்கருவும் சேர்ந்து 10 கிராம். பத்து மணிக்கு ஒரு கரண்டி மோர்ப்புரத மாவு, அதாவது வே பவுடர், 20 கிராம். நண்பகலில் ஆவியில் வேகவைத்த மீன் 60 கிராம் எடைக்கு 13 கிராம். மாலையில், சோயாவை நொதிக்கவைத்துச் செய்யும் தெம்பே 50 கிராம், அதில் 9 கிராம். இரவில் கொத்திய கோழி இறைச்சி 50 கிராம் எடைக்கு 13 கிராம். கூட்டினால் 65 வருகிறது. சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்தேன்; அதன்பின் கண்ணே தராசாகிவிட்டது.

ஒரு தவறையும் ஒப்புக்கொள்கிறேன். புரதம் என்ற பேராசையில் காய்ந்த கோழி நெஞ்சுக்கறியை அவசரமாக விழுங்கி, அது நெஞ்சுக்குள் நின்றுகொள்ள, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறி, அலுவலகக் கழிப்பறையில் அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். குழம்பில் ஊறிய கறிக்கும் காய்ந்த கறிக்கும் உள்ள வேறுபாட்டை என்னைவிட யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். வீட்டிலோ பெரியம்மா, "கோழி கொறிப்பதைப் போலச் சாப்பிடுகிறாயே" என்று ஒவ்வொரு முறையும் சோற்றுக் கரண்டியை நீட்டுகிறார். மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.


செந்தூல், 39 வயது, ஸ்லீவ், சைவ உணவுக்காரர்

அக்கா சொன்ன சாம்பார் கணக்கு என்னைப் போன்ற சைவக்காரர்களுக்கு இன்னும் கடுமையானது. வெந்த பருப்பு 100 கிராமில் புரதம் 9 கிராம்தான். பருப்பை மட்டுமே நம்பி 60 கிராமை எட்ட வேண்டுமென்றால் ஒரு நாளில் 650 கிராமுக்கு மேல் கெட்டிப் பருப்பு உண்ண வேண்டும்; நம் வயிறு அதற்கு இடம் தராது. தெம்பேதான் என்னைக் காப்பாற்றியது. அதே 100 கிராமில் 19 கிராம் வரை இருக்கிறது, பாசாரில் (சந்தையில்) ஒன்றிரண்டு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கிறது, நொதித்த பண்டம் என்பதால் எனக்கு வயிறும் உப்புவதில்லை. சிறு துண்டுகளாக நறுக்கி, புளிக்குழம்பில் மீனுக்குப் பதிலாகப் போடுகிறோம். பன்னீரும், கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கலந்து கெட்டியாக்கிய தயிரும் அடுத்த துணைகள். சைவக் கடைகளில் கோழி, மீன் வடிவத்தில் விற்கும் பண்டங்களை வாங்குவோர் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிப்பது நல்லது. சிலவற்றில் சோயாவைவிட மாவும் எண்ணெயுமே மிகுதி.

எனக்கு வந்த உண்மையான சிக்கல் தைப்பூசம். பத்துமலையில் காவடி எடுப்பதற்காக 48 நாள் ஒருவேளை உணவோடு விரதம் இருப்பது திருமணத்துக்கு முன்பிருந்தே என் வழக்கம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஒரே வேளையில் ஒரு நாளுக்குரிய புரதத்தைச் சாப்பிட எவராலும் இயலாது என்பதை மருத்துவர் சொல்லும் முன்பே என் உடல் சொல்லிவிட்டது. எங்கள் குழுவின் பெரியவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சற்றும் யோசிக்காமல், இவ்வாண்டு பால்குடம் எடு, பாலும் மோரும் வேளை பாராமல் குடித்துக்கொள், முருகன் கணக்குப் பார்க்க மாட்டான் என்றார். அப்படியே செய்தேன். படிகளை ஏறும்போது கால்கள் தளரவில்லை.


ஜார்ஜ்டவுன், 52 வயது, பைபாஸ், நாசி கண்டார் (சோறும் கறிக்குழம்புகளும்) கடை வைத்திருப்பவர்

எனக்குச் செய்தது ஸ்லீவ் அன்று, பைபாஸ். வயிற்றின் மேற்பகுதியில் 30 மில்லிலிட்டர் அளவுக்கு ஒரு சிறு பையை உருவாக்கி, அதைக் குடலோடு நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். சர்க்கரை தடையில்லாமல் குடலுக்குள் இறங்குவதால், இனிப்புக்கு எங்கள் உடல் உடனே பழி வாங்கும். நான் செய்த புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள்: புரத மாவின் வாடை பிடிக்கவில்லை என்று அதை இனிப்பான கட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கில் கலந்து குடித்தேன். கொதிக்கும் தேநீரில் மாவு திரிந்து கட்டி கட்டியாக மிதந்தது முதல் தண்டனை. கால்மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, சட்டை நனைய வியர்த்து, வயிற்றுப்போக்கோடு கல்லாவை விட்டு ஓடியது இரண்டாவது. இப்போது சர்க்கரை சேர்க்காத மாவை, வெதுவெதுப்பான பாலில்தான் கரைக்கிறேன்.

நாள் முழுக்கக் கறிச்சட்டிகளுக்கு நடுவே நிற்பவனுக்குப் புரதத்துக்கு என்ன குறை என்று கேட்பார்கள். குறை இல்லைதான், ஆனால் எங்கள் கடையின் ருசியே எல்லாக் குழம்பையும் சோற்றின் மேல் வெள்ளமாக ஊற்றுவதில் இருக்கிறது, அந்த வெள்ளத்தில் எண்ணெயும் சோறுந்தான் என் பையை நிரப்பின. இப்போது ஒரு சிறு கிண்ணத்தில் இரண்டு துண்டு மீனையோ அவித்த முட்டையையோ எடுத்து, ஒரு கரண்டிக் குழம்பால் நனைத்து, முதல் கூட்டம் வருவதற்குள் உட்கார்ந்து உண்கிறேன். நின்றுகொண்டு சாப்பிட்டால் மெல்லுவதை மறந்துவிடுகிறேன்.

ரமலான் நோன்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டு நோன்பு வேண்டாம் என்று என் மருத்துவர் திட்டவட்டமாகச் சொன்னார். மனம் ஒப்பவில்லையென்றாலும் விட்டேன். அடுத்த ஆண்டு இரத்தப் பரிசோதனை பார்த்து அனுமதித்தார். நோன்பு திறந்ததிலிருந்து சஹர் (விடியலுக்கு முந்தைய உணவு) வரை பத்து மணி நேரந்தான் கையில் இருக்கிறது. அதற்குள் ஒன்றரை லிட்டர் தண்ணீரும் 60 கிராம் புரதமும் ஒன்றையொன்று இடிக்காமல் உள்ளே போக வேண்டும். நோன்புக் கஞ்சியில் அரிசியைப் பாதியாக்கி, கொத்திய கோழியை இரட்டிப்பாக்கினோம். தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து வந்து முட்டை, உறங்கப் போகுமுன் தயிர், சஹருக்குப் புரதப் பால். முப்பதில் இருபத்து நான்கு நோன்பு பிடித்தேன். தலை சுற்றிய ஆறு நாளும் விட்டுவிட்டேன்.


பிரிக்பீல்ட்ஸ், தந்தைக்காக எழுதும் மகள்

என் அப்பாவுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டிருப்பதால், அவருக்கு மருத்துவர்கள் வகுத்த புரத அளவு இங்கே சொல்லப்படும் எண்களைவிடக் குறைவு. வேறொருவர் சொன்ன அளவைப் பார்த்து நானே புரத மாவை வாங்கிக் கொடுத்து, பிறகு மருத்துவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.


பாயான் லெப்பாஸ், 33 வயது, ஸ்லீவ்

முடி கொட்டியது எனக்கும் நடந்தது. அந்த அச்சத்தைப் பயன்படுத்தி, நேரடி விற்பனை செய்யும் ஒரு தோழி, கொலாஜன் பானம் ஒன்றைப் புரதம் என்று சொல்லி இருநூறு வெள்ளிக்கு மேல் விற்றுவிட்டார். கொலாஜனில் டிரிப்டோஃபான் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் அறவே இல்லை; ஆகவே அது முட்டைக்கோ பாலுக்கோ ஈடாகாது என்று உணவியல் நிபுணர் பிறகு விளக்கினார். விரைவான எடைக்குறைவே மூன்றாம் மாதம் தொடங்கி முடியை உதிரச் செய்யும் என்றும், புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தால் அது நீளும் என்றும் சொன்னார். எனக்கு இரும்பும் குறைவாகவே இருந்தது. இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிய கையோடு தேநீர் குடித்துவந்ததை நிறுத்தச் சொன்னார். ஒன்பதாம் மாதத்தில் நெற்றியோரம் குட்டி முடிகள் முளைத்தன.

பட்டர்வொர்த் அக்காவிடம் ஒரு கேள்வி. வேலைக்கு எடுத்துச் செல்ல, சூடாக்கினாலும் காய்ந்துபோகாத மீன் பக்குவம் ஏதும் உண்டா?


மீண்டும் பட்டர்வொர்த்

நான் செய்வது மீன் புட்டு. கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் நான்கை மஞ்சளும் உப்பும் சேர்த்து ஆவியில் வேகவைத்து, தோலையும் முள்ளையும் பொறுமையாக நீக்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். முள் எடுப்பதில் அவசரம் வேண்டாம்; இந்த வயிற்றோடு முள்ளும் சிக்கினால் தாங்காது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உதிர்த்த மீனைப் போட்டு, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி இறக்குங்கள். சுறாவில்தான் செய்ய வேண்டும் என்று பெரியம்மா இன்னும் வாதிடுகிறார். கெம்போங் மலிவு, நாள்தோறும் கிடைக்கிறது. குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும். ஆவியில் வேகவைத்தபோது தட்டில் தங்கிய நீரைக் கொட்டிவிடாமல் தனியே எடுத்து வையுங்கள்; சூடாக்கும்போது அதில் இரண்டு கரண்டி தெளித்து, மூடி வைத்துச் சூடாக்கினால் தொண்டையில் நிற்காது.