சாரமும் இருப்பும்: அக்குவினாஸின் பீனிக்ஸ் வாதம் நிற்குமா?

தர்க்கப்பிரியன்:
ஒரு பொருள் ‘என்ன’ என்பது (சாரம்) வேறு, அது ‘இருக்கிறது’ என்பது (இருப்பு) வேறு என்கிறார் 13-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ மெய்யியலாளர் தாமஸ் அக்குவினாஸ். ஆதாரம் என்ன? பழங்கதைப் பறவையான பீனிக்ஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அது உலகில் உண்டா என்பது தெரியாமலே இருக்கலாம். இதை வைத்துப் பொருளுக்குள்ளேயே பிளவு உண்டு என்பதா? விடிவெள்ளியைப் பார்த்தவருக்கு அதுதான் அந்திவெள்ளி என்று தெரியாமல் போகலாம். அதற்காக வானத்தில் இரண்டு வெள்ளியா?

மெய்தேடி:
பீனிக்ஸோடு நிறுத்தினால் நீங்கள் சொல்வது சரி. அவர் அங்கே நிறுத்தவில்லை. இருப்பையே சாரமாகக் கொண்ட ஒன்று உண்டென்று வைத்துக்கொள்வோம் என்கிறார். அப்படி இரண்டு இருக்க முடியுமா? விலங்கு என்ற இனம் மனிதன், குதிரை என்று பிரிவது ஒரு வேறுபாடு வந்து சேர்வதால். மனிதர் பலராவது பருப்பொருளால், அதாவது உடல்கள் ஆகியிருக்கும் சடப்பொருளால். வெறும் இருப்போடு எதைச் சேர்த்தாலும் அது வெறும் இருப்பாக நிற்காது. ஆக, அப்படிப்பட்டது அதிகபட்சம் ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் சாரம் வேறு, இருப்பு வேறு. யாருடைய அறியாமையும் இங்கே ஆதாரமில்லை. அந்த ஒன்றான கடவுள் உண்டு என்றுகூட இந்த இடத்தில் அவர் சொல்லிவிடவில்லை.

தர்க்கப்பிரியன்:
வலுவான வாதம்தான். ஆனால் இருப்பைப் பெறாத குதிரையின் சாரம் வெறும் இன்மை. இன்மை எதை வாங்கிக்கொள்ளும்? இயேசு சபைத் துறவி சுவாரெஸே 1597-இல் வெளியிட்ட நூலில், இந்த வேறுபாட்டுக்குப் பொருளில் அடிப்படை உண்டு, ஆனால் பிரிப்பது நம் அறிவுதான் என்றார்.

மெய்தேடி:
சாரம் முதலில் இருந்து பிறகு இருப்பை வாங்குகிறது என்று அக்குவினாஸ் சொல்லவே இல்லை. இரண்டும் ஒரே பொருளின் கூறுகள். அவற்றை இரண்டு பொருள் போலப் பேசியவர் அவருக்குப் பின் வந்த மெய்யியலாளர் ரோமின் ஜைல்ஸ்; குழப்பம் பெருகியது அதனால்தான். வானதூதர்களைப் பற்றி அக்குவினாஸ் சொல்வதைப் பாருங்கள். அவர்களிடமும் ஒருவகைப் பருப்பொருள் உண்டு என்றார் 11-ஆம் நூற்றாண்டு யூத மெய்யியலாளர் இப்ன் கபிரோல். அக்குவினாஸ் மறுத்தார். அப்படியானால் கடவுளைப் போல அவர்களும் கலப்பே இல்லாதவர்களா? இல்லை. அவர்களுடைய சாரம் இயலும் நிலை (இருக்கக்கூடியது மட்டுமே), இருப்பு அதன் செயல்நிலை (அதை உண்மையில் இருக்கச் செய்வது). அந்தக் கலப்பு போதும் என்றார். எனக்கு இந்த இடத்தில்தான் அவருடைய சிந்தனை முழுசாகப் பிடிபட்டது.

தர்க்கப்பிரியன்:
வானதூதரை ஏற்காதவருக்கு என்ன சொல்வீர்கள்? ஒன்றில்லாமல் மற்றது ஒரு கணமும் நிற்காது என்றால், வேறு வேறு என்று எதை வைத்துக் காட்டுவது?

மெய்தேடி:
எறும்பே போதும். அதற்கு ஏன் ஆறு கால், ஏன் புற்றுக் கட்டுகிறது என்பதற்கெல்லாம் அதன் சாரத்தில் விடை தேடலாம். அது ஏன் இல்லாமல் போகாமல் இருக்கிறது என்பதற்கு அங்கே விடை கிடையாது. வெளியேதான் தேட வேண்டும்.