கருவின் தலைச் சுற்றளவு குறைவு: மூன்று வாரம் காத்திருக்கலாமா?

கேள்வி
வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறோம். என் மனைவிக்கு 21ஆவது வாரத்தில் எடுத்த ஸ்கேனில், கருவின் தலைச் சுற்றளவு 19 வாரக் கருவுக்குரியதாகவே இருப்பதாகச் சொல்லி, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். 20 வாரம் தாண்டிவிட்ட நிலையில் காத்திருந்தால், கருக்கலைப்புப் பற்றி முடிவெடுக்கும் காலம் கைநழுவிப் போகாதா?

மறுமொழி 1
தம்பி, நான் ஸ்கேன் அறையில் பணிபுரிபவள். அந்த 21 வாரம் எதை வைத்துக் கணக்கிடப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். கடைசி மாதவிலக்குத் தேதியை மட்டும் வைத்திருந்தால் கணக்கே பிசகியிருக்கலாம். முதல் மூன்று மாதத்துக்குள் கருவின் நீளத்தை அளந்த ஸ்கேன் இருந்தால் அதுவே நம்பத்தக்கது. வயிற்றுச் சுற்றளவும் தொடை எலும்பும் சேர்ந்தே குறைந்திருந்தால் காலக்கணக்கையோ பொதுவான வளர்ச்சியையோ ஐயப்பட வேண்டும். தலை மட்டும் பின்தங்கினால்தான் மூளையின் மீது கவனம் திரும்பும். சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கும் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கும் என்பதன் அலகு) கீழே போனால்தான் குறுந்தலை, அதாவது தலை மிகச் சிறிதாக இருக்கும் குறை, என்று பெரும்பாலும் கருதுவார்கள். ஒருமுறை எடுத்த அளவைவிடத் தலை வளரும் வேகமே அதிகம் சொல்லும் என்பதால்தான் இடைவெளி விடுகிறார்கள். 20ஆவது வாரத்தில் இயல்பாகத் தெரிந்து, கடைசி மூன்று மாதத்தில் பின்தங்கும் தலைகளும் உண்டு.

ஆனால் அந்த மூன்று வாரமும் வெறுமனே இருக்க வேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன். கரு மருத்துவச் சிறப்புப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறைகளின் அகலம் 10 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, சிறுமூளை ஒழுங்காக உருவாகியிருக்கிறதா என்று அங்கே நுணுக்கமாகப் பார்ப்பார்கள். கருவின் மூளையைப் பாதிக்கக்கூடிய சைட்டோமெகலோ வைரஸ், டாக்ஸோபிளாஸ்மா தொற்றுகளுக்கான இரத்தப் பரிசோதனையையும் இப்போதே செய்யலாம். தேவைப்பட்டால் பனிக்குட நீர்ப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஆகியவையும் உண்டு.

மறுமொழி 2
காலக்கெடுவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, 20 வாரத்துக்குப் பிறகும், கருவுக்குக் கடுமையான உருக்குறை ஏற்படும் என்று ஒரு மருத்துவர் மற்றொரு மருத்துவரையோ பதிவுபெற்ற மருத்துவச்சியையோ கலந்து கருதினால், கருக்கலைப்புக்கு இடமுண்டு. ஆகவே முழு விவரமும் வரும் முன்னே அச்சத்தால் எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள்.

கேட்டவர்
இருவருக்கும் நன்றி. 12ஆவது வார ஸ்கேனின்படியும் இது 21 வாரமேதான். தொடை எலும்பும் வயிறும் சரியாக இருக்கின்றன, தலை மட்டுமே குறைவு. நாளைக் காலையிலேயே பரிந்துரைக் கடிதம் கேட்கப் போகிறோம்.