மான் விரட்டு: துப்பாக்கிக்கு முன்னால் ஆளை அனுப்பலாமா?

ஏரிக்கரை (மேடிசன், விஸ்கான்சின்)

துப்பாக்கியால் மான் வேட்டையாடும் ஒன்பது நாள் பருவம் நெருங்கிவிட்டது. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை தொடக்கம். நம் ஆட்களில் சிலர் புதிதாக உரிமம் எடுத்து, பண்ணைக்கார நண்பர்களோடு மான் விரட்டுக்குப் போவதாகச் சொல்கிறார்கள். போகாதீர்கள் என்று சொல்லத்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்கு: குழுவில் பாதிப்பேர் புதருக்குள் வரிசையாக நடந்து, படுத்திருக்கும் மானைக் கிளப்புவார்கள். மீதிப்பேர் மறுமுனையில் துப்பாக்கியோடு நிற்பார்கள். ஊரில் காடு கலைப்பது என்பார்களே, அதேதான்.

நான் வேட்டைக்கு எதிரி இல்லை. பரணில் உட்கார்ந்து நானும் மான் சுடுகிறேன். ஆனால் சுடுகிற திசையில் ஆள் இருக்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். விரட்டில் அந்தத் திசைக்கு நாமே ஆளை அனுப்புகிறோம். மானும் அவரும் ஒரே பக்கத்திலிருந்து வருகிறார்கள். முறையே தப்பாக இருக்கும்போது கவனமாக இருங்கள் என்று சொல்லி என்ன பயன்? சட்டம் போட்டு நிறுத்த வேண்டும்.

மான்தடம் (சாக் கவுண்டி, விஸ்கான்சின்)

அண்ணே, நீங்கள் சொல்லும் பயம் புரிகிறது. ஆனால் தடை என்கிற இடத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதல் சனி, ஞாயிறு முடிந்ததும் மான் என்ன செய்கிறது என்று உங்களுக்கே தெரியும். வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டு, பகலில் கோரைச் சதுப்பிலும் முள்புதரிலும் அசையாமல் படுத்துக்கொள்ளும். இரவில்தான் மேயும். பரணில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் வெறும் அணில்தான். விரட்டினால்தான் வெளியே வரும். எங்கள் பக்கத்தில் மான் மூளையை அரிக்கும் நோய் 2002இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அது பரவாமல் இருக்க மான் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டிய தேவை நிஜம்.

விபத்து விஷயத்துக்கு வருகிறேன். 1966இல் இந்த மாநிலத்தில் ஒரு லட்சம் வேட்டையாளருக்கு 44 பேர் காயம்பட்டார்கள். அடுத்த வருஷம் வேட்டைக் கல்வி தொடங்கியது. தூரத்திலிருந்தே ஆள் என்று தெரிய, 1980இல் மான் பருவத்துக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு உடை கட்டாயமானது. இன்று அந்த விகிதம் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. இத்தனை வருஷமும் மக்கள் விரட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். முறையைத் தடை செய்து வந்த பலன் இல்லை இது. பயிற்சியும் உடையும் கொடுத்தது.

எங்கள் குழுவில் நடப்பவர்கள் கையில் துப்பாக்கியே இருக்காது. நிற்பவர் தனக்கு முன்னால் சுடவே கூடாது. நிற்பவர்களின் வரிசையை மான் தாண்டிப் பின்னால் போன பிறகுதான் சுடலாம். அப்போது நடப்பவர்கள் அவர் முதுகுப் பக்கம் இருப்பார்கள்.

ஏரிக்கரை

தம்பி, அந்த விகிதம் எல்லா வேட்டைக்கும் சேர்த்து. பரணில் தனியாக உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்து வகுத்த எண்ணை வைத்து விரட்டு பாதுகாப்பானது என்று எப்படிச் சொல்வது?

உங்கள் விதி நல்ல விதி. அதைக் கடைப்பிடிக்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று பாருங்கள். மிரண்ட வெள்ளைவால் மான் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நொடிக்கு 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 40 மீட்டர் தள்ளி இடமிருந்து வலமாக அது 80 மீட்டர் ஓட ஐந்து நொடி சொச்சம்தான் ஆகும். அதற்குள் உங்கள் குழல் 90 பாகை திரும்பிவிட்டது! அந்த 90 பாகைக்குள் பக்கத்தில் நிற்பவர் இருக்கிறாரா, நடந்து வருபவர் இருக்கிறாரா? கண் மானின் மேல் இருக்கிறது. துப்பாக்கி மேல் இருக்கும் தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் பக்கவாட்டில் எதுவுமே தெரியாது.

இன்னொன்று. ஸ்லக், அதாவது சிதறு குண்டுக்குப் பதில் ஒரே கனமான குண்டு, போடும் துப்பாக்கியில் அது 100 மீட்டர் போகக் கால் நொடி ஆகும். அந்த நேரத்தில் மான் மூன்றரை மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். அவ்வளவு முன்னால் குறிவைத்துச் சுட நம்மில் எத்தனை பேர் பழகியிருக்கிறோம்? குடலில் பட்டு, எங்கோ போய் இரண்டு நாள் கிடந்து சாகிற மானுக்கு யார் பொறுப்பு? எனக்கு இது ஆள் பாதுகாப்பு அளவுக்கே முக்கியம்.

சஸ்குவஹானா (பென்சில்வேனியா)

எங்கள் மாநிலத்தில் தடை கிடையாது, வரம்பு உண்டு. பெரிய விலங்கு வேட்டைக்கு ஒரு குழுவில் 25 பேருக்கு மேல் போகக் கூடாது. தலை, நெஞ்சு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் ஆரஞ்சு, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி. ஆள் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 150 கெஜத்துக்குள் துப்பாக்கி வேட்டை கூடாது. இப்படிச் செய்யலாமே?

ஸ்லக் பற்றி ஒரு வார்த்தை. ரைஃபிளைவிட ஸ்லக் பாதுகாப்பு, சீக்கிரம் விழுந்துவிடும் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். 2007இல் எங்கள் மாநிலத்துக்காக ஓர் ஆய்வு செய்தார்கள். மேல்நோக்கிச் சுட்டால் ரைஃபிள் குண்டுதான் ரொம்ப தூரம் போகிறது. ஆனால் தரைக்குச் சமமாகச் சுட்டு, மண்ணில் பட்டுத் தெறித்து மறுபடி எழும்பினால், ஸ்லக் ரைஃபிள் குண்டைவிடக் கொஞ்சம் அதிக தூரமே போகலாம் என்று வந்தது. விரட்டில் சுடுவது பெரும்பாலும் அப்படித்தான், தரையில் நின்று, கிடைமட்டமாக. அதனால் ஸ்லக்தானே என்று யாரும் தைரியப்பட வேண்டாம்.

பவேரியா வாசி (ஜெர்மனி)

சஸ்குவஹானா கடைசியாகச் சொன்னதுதான் விஷயமே. ஆரஞ்சு எத்தனை அங்குலம், ஆள் எத்தனை பேர் என்பதெல்லாம் அப்புறம். தவறிய குண்டு எங்கே போய் இறங்குகிறது என்று யோசியுங்கள்.

இங்கே கூட்டு வேட்டையில் இரண்டு வகை. ஒன்று 'ட்ரைப்யாக்ட்', அதாவது சத்தம் போட்டு ஓட ஓட விரட்டுவது. மான், காட்டுப்பன்றிக்குச் செய்வது பெரும்பாலும் இன்னொன்று, 'ட்ருக்யாக்ட்'. சில ஆட்களும் நாய்களும் காட்டுக்குள் நிதானமாகப் போய் விலங்குக்குத் தொந்தரவு கொடுப்பார்கள், அவ்வளவுதான். அது தலைதெறிக்க ஓடாது. எழுந்து, நின்று நின்று, தனக்குப் பழக்கமான தடத்தில் நகரும். சுடுபவர்களை அந்தத் தடங்களில் பரப்பி வைத்திருப்பார்கள்.

சுடுபவர் நிற்பது தரையில் இல்லை. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான மரப்பரண். கணக்குப் போட்டுப் பாருங்கள். தரையில் நின்று 40 மீட்டரில் இருக்கும் மானைச் சுட்டால், குண்டு மானைத் தாண்டி 45 மீட்டர் போல் போய்த்தான் சமதரையில் படும். அதுவும் ஒரு பாகைச் சாய்வில், வழுக்கித் தெறிக்கத் தோதாக. அந்தப் பரணிலிருந்து சுட்டால் 15 மீட்டருக்குள் மண்ணில் இறங்கிவிடும்.

அப்புறம், ஆரம்பச் சைகைக்கும் முடிவுச் சைகைக்கும் நடுவே பரணை விட்டு யாரும் இறங்கக் கூடாது, அடிபட்ட மானைத் தேடக்கூட. பக்கத்து ஆள் இருக்கும் கோட்டின் குறுக்கே குழலைத் திருப்பக் கூடாது. மானைத் தொடர்ந்து வந்தால் குழலை உயர்த்தி, கோட்டைக் கடந்து, மறுபடி இறக்க வேண்டும். பல இடங்களில் அந்த வருஷம் ஓடும் குறியில் சுட்டுப் பழகியதற்குச் சான்று காட்டாவிட்டால் சேர்க்கவே மாட்டார்கள். ஏரிக்கரை சொன்ன மூன்றரை மீட்டர் பிரச்சினைக்கு இதுதான் பதில்.

மான்தடம்

இதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். செய்ய முடியும். நாங்கள் இரண்டு மூன்று பேர் மட்டும், காற்று முதுகில் அடிக்க, பேசாமல் மெதுவாக நடப்போம். வாடை பட்டாலே மான் எழுந்துவிடும். கத்த வேண்டியதே இல்லை. நடையாக வருகிற மானைத்தான் சுடுவோம், ஓடினால் விட்டுவிடுவோம்.

தேனிக்காரி (மில்வாக்கி)

நான் வேட்டையாடுவதில்லை. என் வீட்டுக்காரர் போன வருஷம்தான் வேட்டைக் கல்வி முடித்தார். இப்போது ஒரு குழுவில் சேர்த்திருக்கிறார்கள். எல்லாரும் குண்டு, தூரம், பாகை என்று எழுதுகிறீர்கள். புதரில் நடக்கிறது யார் என்று ஒருவரும் எழுதவில்லை.

நான் கேட்டவரையில், புதிதாக வந்தவரும் சின்னப் பையன்களும்தான் நடக்கிறார்கள். பெரியவர்கள், நிலத்துக்காரர்கள், நன்றாகச் சுடுபவர்கள் நிற்கிறார்கள். ஒரு மானுக்கு ஒரு அனுமதிச் சீட்டு. இந்த மாநிலத்தில் குழுவில் ஒருவருடைய சீட்டுக்கு இன்னொருவர் மான் சுடலாமாம். கண்ணுக்கோ குரலுக்கோ எட்டும் தூரத்தில் இருந்தால் போதுமாம். அப்படியானால் நன்றாகச் சுடும் ஒருவரே எல்லார் சீட்டையும் நிரப்புவார். என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் முள்ளுக்குள் நடப்பார், இல்லையா?

நிற்கிறவரின் ஒழுக்கத்தை நம்பித்தான் நடக்கிறவரின் உயிர் இருக்கிறது. ஆனால் நிற்கிறவரைக் கேள்வி கேட்கிற நிலையில் நடக்கிறவர் இல்லை. "சார், நீங்கள் அங்கே நிற்க வேண்டாம், உங்கள் குழல் என் பக்கம் திரும்பும்" என்று புதிதாக வந்த ஒரு தமிழர் அறுபது வயது பண்ணைக்காரரிடம் சொல்வாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

ஏரிக்கரை

அம்மா, நான் இரண்டு பதிவில் சொல்ல முடியாததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். ஜெர்மனியில் நடப்பது எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அங்கே வேட்டைத் தலைவர் என்று ஒருவர் பொறுப்பேற்கிறார். சொன்னதைக் கேட்காதவரை அன்றே வீட்டுக்கு அனுப்புவார். இங்கே பண்ணையில் காலைக் காப்பி குடித்துக்கொண்டே "நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்" என்று கை காட்டுவதுதான் திட்டம். நல்ல குழுவை வைத்து முறையை நியாயப்படுத்தாதீர்கள். நம் ஆட்களைக் கூப்பிடுவது எந்தக் குழு என்று நமக்குத் தெரியாது.

சஸ்குவஹானா

ஏரிக்கரை, தடை வந்தால் அந்தக் காலைக் காப்பிக் குழு நின்றுவிடுமா? சொந்த நிலத்தில் நாலு பேர் சேர்ந்து "நடக்கப் போனோம், மான் எழுந்தது" என்பார்கள். எந்தக் காவலர் போய் நிரூபிப்பார்? எழுதிய விதி இருக்கும்போது புதியவர் அதைக் காட்டியாவது பேசலாம்.

மான்தடம்

தேனிக்காரி அக்கா கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். ஆமாம், பல குழுக்களில் புதியவர்தான் நடக்கிறார். அது தப்பு. எங்கள் குழுவில் ஒவ்வொரு விரட்டுக்கும் ஆள் மாறுவார்கள். நின்றவர் அடுத்து நடப்பார். தானும் நடக்கப் போகிறவர் குழலைப் பார்த்துத்தான் திருப்புவார்.

உங்கள் வீட்டுக்காரர் கிளம்பும் முன் கேட்க வேண்டியது இவ்வளவுதான். வரைபடத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று குறித்திருக்கிறதா? ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் சுடலாம், எந்தப் பக்கம் கூடாது என்று சத்தமாகச் சொன்னார்களா? எத்தனை மணிக்குத் தொடங்கி எங்கே முடியும்? நடப்பவர்கள் வெளியே வந்ததும் நிற்பவர்கள் தோட்டாவை எடுத்துவிடுவார்களா? ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் அன்றைக்குப் பரணில் உட்காருகிறேன் என்று சொல்லட்டும். யாரும் கோபப்பட்டால் அந்தக் குழுவே வேண்டாம்.

தேனிக்காரி

எழுதி வைத்துக்கொண்டேன். அவரிடம் காட்டுகிறேன். ஆனால் தம்பி, "பரணில் உட்காருகிறேன்" என்று சொல்ல அவருக்கு அங்கே பரண் இருக்க வேண்டுமே. அடுத்தவர் நிலம்.

பவேரியா வாசி

மான்தடம், ஒரு கேள்வி. கோரைச் சதுப்பு என்றீர்கள். சதுப்பு சமதரை. அங்கே நிற்பவர் தரையில்தானே நிற்கிறார்? மான் பின்னால் போன பிறகு சுட்டாலும், அந்தப் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது?

மான்தடம்

தென்பக்கம் தரை மேடாக ஏறுகிறது, அங்கே குண்டு மண்ணில் இறங்கிவிடும். வடபக்கம் தட்டை. அரை மைலில் கவுண்டிச் சாலை. அந்தப் பக்கம் நிற்பவர் சாலையை நோக்கிச் சுடக் கூடாது என்றுதான் இதுவரை சொல்லி வைத்திருக்கிறோம்.

ஏரிக்கரை

சொல்லி வைத்திருக்கிறீர்கள். ஐந்து நொடியில் அவருக்கு அது நினைவுக்கு வர வேண்டும்.

மான்தடம்

சரி. இந்த வருஷம் வடபக்கத்தில் ஆளை நிறுத்த மாட்டோம் என்று குழுவில் பேசுகிறேன். அந்த வழியில் போகிற மான் போகட்டும். ஏணிப் பரண் இரண்டு கிடைத்தால் தென்பக்கத்திலும் போட்டுவிடலாம். ஆனால் விரட்டை விட்டுவிடச் சொன்னால் மாட்டேன் அண்ணே.

ஏரிக்கரை

நானும் தடை வேண்டும் என்பதை விட்டுவிடவில்லை. வடபக்கம் ஆள் இல்லை என்பதைக் குழுவில் ஒத்துக்கொண்டார்களா என்று இங்கே வந்து எழுதுங்கள். தேனிக்காரி அம்மா, உங்கள் வீட்டுக்காரருக்கு என்னிடம் ஒரு மடக்குப் பரண் சும்மா கிடக்கிறது. மில்வாக்கிக்கு நானே கொண்டுவந்து தருகிறேன். நிலத்துக்காரரிடம் வைக்க அனுமதி மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.