ஆய்வுமுறைப் பாடத்தில் இடமில்லை, ஆட் டிராப் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: தோட்டத்து மாணவி, சுங்கை சிப்புட்

வணக்கம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் ஆனர்ஸ் படிக்கிறேன், விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்திருக்கிறேன். இன்று காலை 8 மணிக்குப் பாடப் பதிவு திறந்தது, ஆனால் எங்கள் லயத்தில் இணைய லைன் சரியாகக் கிடைக்காது, பக்கம் சுற்றிக்கொண்டே இருந்து ஒருவழியாக உள்ளே போனபோது ஆய்வுமுறைப் பாடத்தின் இரண்டு குழுக்களும் நிறைந்துவிட்டன. இதை முடிக்காமல் இறுதியாண்டு ஆய்வேட்டுக்குப் பதிய முடியாது, ஆய்வேடு இல்லாமல் பட்டம் கிடையாது. பாடமோ வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கிறது. பாடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் விடும் ஆட் டிராப் வாரத்தில் யாராவது விலகுவார்கள், பொறு என்கிறாள் தோழி. படிப்பு நீண்டால் பிடிபிடிஎன் அரசுக் கல்விக் கடன் பணத்துக்கு என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: ஈப்போ அக்கா

தங்கச்சி, காத்திருக்காதே. அந்தப் பாடத்தின் பொறுப்பாளருக்கும் உன் கல்வி ஆலோசகருக்கும் சேர்த்து இன்றே ஒரே மின்னஞ்சல் அனுப்பு. மெட்ரிக் எண், பாடக் குறியீடு, எந்தக் குழு உன் அட்டவணைக்கு ஒத்துவரும், எந்த செமஸ்டரில் ஆய்வேடு எடுக்க வேண்டும், இவை எல்லாம் இருக்கட்டும், திரையைப் படம் பிடித்ததையும் இணைத்துவிடு. "தயவுசெய்து உதவுங்கள்" என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் வகுப்பு வாட்சாப்பில் கேள், உன்னைப் போல் இடம் கிடைக்காதவர்கள் கட்டாயம் இருப்பார்கள். எல்லாரும் பெயர் போட்டுக் கேட்டால் பெரிய அறைக்கு மாற்றவோ புதுக் குழு திறக்கவோ துறைக்கு ஒரு காரணம் கிடைக்கும், தனியாகப் போனால் "பொறுங்கள்" என்பதோடு அனுப்பிவிடுவார்கள்.

பதில்: டியூஷன் வாத்தியார்

அக்கா சொல்வது சரி. நான் சேர்ப்பது ஒன்றுதான், இடம் காலியாக இருக்கிறதே என்று கண்ட பாடத்தையும் இழுத்துப் போடாதே. கோகுரிகுலம் என்ற புறப்பாட வகுப்பின் நேரம் இடித்தால் அதை விட்டுவிடு, அது பெரும்பாலும் அடுத்த செமஸ்டரிலும் கிடைக்கும், ஆய்வுமுறைப் பாடம் கிடைக்காது. இப்போது விட்ட மற்றப் பாடங்களை எல்லாம் ஆய்வேட்டோடு சேர்த்துப் படித்துவிடலாம் என்றும் நினைக்காதே. மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏவின் கணக்கில் 1 கிரெடிட்டுக்கு 40 மணி நேரம், அதாவது 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கே 120 மணி நேர உழைப்பு. அது ஆய்வேட்டு நேரத்தைத் தின்றுவிடும், மதிப்பெண் இறங்கும். முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைக்கு உட்பட்டவர்களுக்குப் பிடிபிடிஎன் கடனிலிருந்தே விலக்கு உண்டு, அதைக் கோட்டை விடலாமா? இன்னொன்று, கடன் ஒப்பந்தத்தை எடுத்து எத்தனை செமஸ்டருக்கு என்று பார். படிப்பு நீண்டால் அவர்களாகவே தொடர்ந்து தருவார்கள் என்று நம்பி இருக்காதே.

பதில்: சுங்கை சிப்புட் அங்கிள்

அம்மா, அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. இரவில் நீ தூங்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆட் டிராப் திறக்கும் நாளில் தோட்டத்தில் உட்காராதே. டவுனில் எங்கள் வீட்டில் ஃபைபர் இருக்கிறது, என் மகளும் பதிவு செய்ய வேண்டும், அப்பாவோடு வா. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டி வா, மேசை பெரியதுதான்.

தோட்டத்து மாணவி

மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன் அக்கா, வாட்சாப்பில் கேட்டதும் வரிசையாகப் பெயர் வருகிறது. கோகுரிகுலத்தையும் எடுத்துவிட்டேன் சார். அங்கிள், அப்பாவிடம் சொல்லிவிட்டேன், மோட்டாரில் கொண்டுவந்து விடுகிறாராம். ஏழரைக்கே வரலாமா?